வரைபடத்தில் கோடு இருந்தால் கூட்ஸ் வண்டி போய்விடுமா?

எங்காவது வெள்ளம் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற மண்ணை அரித்துவிட்டாலோ, மலை சரிந்து பாதை மூடிக்கொண்டாலோ, அன்றைக்கே ஒரு ரயில்வே வரைபடம் எல்லோர் கைப்பேசியிலும் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. "இதோ, இந்தப் பக்கம் ஒரு லைன் போகிறதே, இதில் திருப்பி விட்டால் என்ன?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ரயில்வேக்கு மனசில்லை. இன்னொன்று, புது லைன் போட்டால்தான் விடிவு. இரண்டுமே விஷயத்தின் உள்ளே போவதில்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. பயணிகள் ரயிலை வேறு வழியில் திருப்பிவிடுவதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். "இன்ன ரயில் இன்ன ஊர் வழியாக இயக்கப்படும்" என்று செய்தித்தாளில் வருகிறது, ரயிலும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துவிடுகிறது. அப்படியானால் சரக்கு ரயிலையும் இதேபோலத் திருப்பலாம்தானே என்று தோன்றுவது இயல்பு. எப்போது திருப்ப முடியும், எப்போது முடியாது, அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை ரயில்வே பரிச்சயம் இல்லாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தேர் எந்தத் தெருவில் போகும்?

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன. தேர் போவது நான்கு வீதிகளில் மட்டும். வீதி அகலமாக இருக்க வேண்டும். தேரின் எடையைத் தரை தாங்க வேண்டும். குறுக்கே போகிற மின்கம்பிகள் இடிக்காமல் இருக்க வேண்டும். முனையில் திருப்ப இடமும் நேரமும் வேண்டும், முட்டுக்கட்டை போடத் தெரிந்த ஆட்களும் வேண்டும். ஒரு வீதியில் பள்ளம் விழுந்துவிட்டால், பக்கத்துச் சந்து வழியாகத் தேரை இழுத்துக்கொண்டு போக முடியாது. அந்தச் சந்தில் ஆட்டோ போகிறது, தண்ணீர் லாரிகூடப் போகிறது என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் தேருக்கு அது உதவாது.

சரக்கு ரயிலுக்கும் இதே மாதிரி ஐந்து கேள்விகள்தான். தரை தாங்குமா, உயரமும் அகலமும் போதுமா, முனையில் திரும்ப முடியுமா, எதிரே வருகிறவற்றுக்கு வழிவிட இடம் இருக்கிறதா, நடத்திக்கொண்டு போக ஆள் இருக்கிறாரா. இனி ஒவ்வொன்றாக ரயில்வே மொழியில் பார்ப்போம்.

பாதை வண்டியைத் தாங்குமா?

நிலக்கரி ஏற்றுகிற திறந்த வேகன்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி 58 வேகன்களையும் கடைசியில் ஒரு பிரேக் வேனையும் கோத்தால் அது ஒரு முழு ரேக். எஞ்சினையும் சேர்த்தால் நீளம் ஏறத்தாழ 650 மீட்டர். ஏற்றியிருக்கும் நிலக்கரி மட்டும் 3500 முதல் 4000 டன் வரை வரும். ஒரு பயணிகள் பெட்டி ஆட்களோடு சேர்த்து 50 டன் பக்கம் இருக்கும். நிறைந்த நிலக்கரி வேகனோ 90 டன்னைத் தொடும். அதாவது அதே தண்டவாளம், அதே பாலம், ஆனால் மேலே இருக்கிற எடை இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட.

இதை அளக்கிற அளவுக்குப் பெயர் அச்சுச் சுமை. ஒரு ஜோடிச் சக்கரத்தின் வழியாகத் தண்டவாளத்தில் இறங்குகிற எடை அது. ஒரு வழித்தடத்தில் உள்ள பழைய பாலங்கள், தண்டவாளத்தின் தடிமன், ஸ்லீப்பர்களின் நெருக்கம், அடியில் இருக்கிற ஜல்லி, மண் எல்லாவற்றையும் பார்த்து அந்தத் தடத்துக்கு ஒரு உச்ச அச்சுச் சுமையை வைத்திருப்பார்கள். தடத்தில் ஒரே ஒரு பாலம் பலவீனமாக இருந்தால்கூட, முழுத் தடத்துக்கும் அதுதான் எல்லை. எக்ஸ்பிரஸ் வண்டி போகிற வழியில் நிலக்கரி வண்டி போகக்கூடாது என்று சொல்வதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இந்திய அகலப்பாதைக்கு 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜுக்கு 1000 மில்லிமீட்டர். ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் தெற்குப் பகுதி முழுக்க மீட்டர் கேஜ்தான். இரண்டு கேஜ் சந்திக்கிற நிலையங்களில் மூட்டைகளை ஒரு வேகனிலிருந்து இன்னொன்றுக்குத் தலைச்சுமையாக மாற்றினார்கள். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் அந்த ஊரில் அழகாகச் சேர்ந்திருக்கும், வண்டி மட்டும் கடக்க முடியாது. 1992-ல் ஒரே கேஜ் திட்டம் தொடங்கிய பிறகுதான் படிப்படியாக இந்தச் சுவர் இடிந்தது.

மூன்றாவது, உயரம். மின்சார எஞ்சினுக்கு மேலே கம்பி போகிறது. சாதாரணப் பாதையில் அந்தக் கம்பி இருக்கிற உயரத்துக்கு ஒரு அடுக்குக் கன்டெய்னர்தான் கீழே நுழையும். டெல்லி அருகே உள்ள தாத்ரியிலிருந்து மும்பை அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தை நோக்கிப் போடப்பட்ட மேற்குத் தனிச் சரக்குப் பாதையில் கம்பியை ஏறத்தாழ 7.5 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். அதனால் அங்கே கன்டெய்னரின் மேல் கன்டெய்னர் வைத்து மின்சார எஞ்சினே இழுக்கிறது. பிரமாதமான ஏற்பாடு. ஆனால் அந்தத் தடம் அடைபட்டால், அந்த இரட்டை அடுக்கு வண்டி தாழ்வான கம்பி உள்ள பக்கத்துப் பாதைக்கு அப்படியே மாற முடியாது. மேலடுக்கை இறக்கியாக வேண்டும்.

நான்காவது, ஏற்றம். தட்டையான பாதையில் 4000 டன்னை இழுக்கிற எஞ்சின் மலைப்பாதையில் அதை இழுக்காது. மும்பைக்கு மேலே உள்ள போர் காட், தல் காட் மலைப்பாதைகள் இரண்டிலும் ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின் மேல் பிடிப்பு குறைவு என்பதால், ரயிலுக்கு அது செங்குத்து. பின்னாலிருந்து தள்ளுவதற்குத் தனி எஞ்சின்கள் வேண்டும். ரயில்வேக்காரர்கள் அவற்றை பேங்கர் என்கிறார்கள். பேங்கர் எஞ்சின் இல்லாத ஊரில் திடீரென்று ஏற்றப் பாதையில் சரக்கைத் திருப்பிவிட முடியாது.

சுருக்கமாக: எடை, கேஜ், உயரம், ஏற்றம். இந்த நான்கில் ஒன்று பொருந்தவில்லை என்றாலும் அந்தக் கோடு அந்த வண்டிக்கு இல்லாத கோடுதான்.

ஒற்றைப் பாதையின் கணக்கு

சரி, பாதை தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வருவதுதான் பெரிய சிக்கல். அந்தப் பாதையில் இடம் இருக்கிறதா?

சாலை என்றால் வண்டிகள் கூடக் கூட நெரிசல் ஆகும், ஆனாலும் ஊர்ந்து ஊர்ந்து போய்விடும். ரயிலில் ஊர்வதற்கு வழியில்லை. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம். எதிரே வருகிற ரயில் அடுத்த நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்குவதற்காக நிலையத்தில் பக்கவாட்டில் போட்டிருக்கிற கூடுதல் தண்டவாளம்தான் லூப்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். இரண்டு நிலையங்களுக்கு நடுவே 12 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால் கடக்க 18 நிமிடம். அடுத்த வண்டிக்குப் பாதையைத் திருப்பி, சிக்னல் கொடுக்க இன்னும் 6 நிமிடம். மொத்தம் 24 நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒரு நாளில் 1440 நிமிடம், அப்படியானால் 60 ரயில்கள். போவதும் வருவதும் சேர்த்து. இதில் பராமரிப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் பாதையை நிறுத்தி வைக்க வேண்டும். தாமதங்களுக்கும் இடைவெளி வைக்க வேண்டும். நடைமுறையில் 40 ரயில் ஓடினாலே நல்ல ஓட்டம். அதில் ஏற்கெனவே 24 பயணிகள் ரயில்களும் 8 சரக்கு ரயில்களும் ஓடுகின்றன என்றால், மிச்சம் 8. போக 4, வர 4. பக்கத்து இரட்டைப் பாதையில் நாளைக்கு 50 சரக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். அது அடைபட்டால் இந்த நான்கும் நான்கும் எந்த மூலைக்கு?

இந்த 24 நிமிடம் வழியில் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே அதிக நேரம் எடுக்கிறதோ, அந்த ஒரு துண்டுதான் முழுத் தடத்தின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 200 கி.மீ. தடத்தில் 190 கி.மீ. இரட்டைப் பாதையாக இருந்து, நடுவில் 10 கி.மீ. மட்டும் ஒற்றைப் பாதையாக இருந்தாலும் கணக்கு அந்தப் பத்தில்தான் நிற்கும்.

லூப்பின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 650 மீட்டர் ரேக் ஒதுங்க வேண்டுமென்றால் லூப் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். பழைய கிளைப் பாதைகளில் சிறிய பயணிகள் வண்டிகளுக்காகப் போட்ட குட்டை லூப்புகள் இருந்தால், எதிரெதிரே வருகிற இரண்டு முழு ரேக்குகள் அங்கே சந்திக்கவே முடியாது. ஒன்று வெகுதூரத்திலேயே காத்திருக்க வேண்டும்.

ஜங்ஷன் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

மூன்று பாதைகள் கூடுகிற ஊரை ஜங்ஷன் என்கிறோம். வரைபடத்தில் அது ஒரு புள்ளி. புள்ளி என்றால் எந்தக் கோட்டிலிருந்தும் எந்தக் கோட்டுக்கும் போகலாம் என்று தோன்றும். உண்மையில் நிலையம் என்பது ஒரு நீண்ட பட்டை. பாதைகள் அதன் இந்த முனையிலோ அந்த முனையிலோ வந்து சேர்கின்றன. ஈரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து வருகிற பாதையும் கரூரிலிருந்து வருகிற பாதையும் ஈரோட்டுக்குள் ஒரே பக்கத்திலிருந்துதான் நுழைகின்றன. கோயம்புத்தூர்ப் பாதை மறுபக்கம் போகிறது. அதனால் சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு நேராகப் போகலாம், கரூரிலிருந்தும் கோயம்புத்தூருக்கு நேராகப் போகலாம். ஆனால் சேலத்திலிருந்து கரூருக்குப் போக வேண்டுமென்றால், ஈரோட்டில் நின்று, எஞ்சினைக் கழற்றி, மறுமுனையில் மாட்டி, வந்த பக்கமே திரும்ப வேண்டும். இதற்கு எஞ்சின் ரிவர்சல் என்று பெயர்.

பயணிகள் ரயிலுக்கு இது இருபது, முப்பது நிமிட வேலை. சரக்கு ரயிலுக்கு அப்படி இல்லை. 650 மீட்டர் வண்டியை ஒரு தண்டவாளத்தில் நிறுத்தி, பக்கத்தில் இன்னொரு தண்டவாளத்தைக் காலியாக வைத்தால்தான் எஞ்சின் சுற்றி வர முடியும். கடைசியில் இருக்கிற பிரேக் வேனும் இடம் மாற வேண்டும், ஏனென்றால் முன்பு கார்டு என்றும் இப்போது டிரெய்ன் மேனேஜர் என்றும் அழைக்கப்படுகிறவர் வண்டியின் பின்கோடியில்தான் இருக்க வேண்டும். அப்புறம் எல்லா வேகன்களுக்கும் பிரேக் காற்று சரியாகப் போகிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். அத்தனை நேரமும் பரபரப்பான ஜங்ஷனில் இரண்டு தண்டவாளங்கள் முடங்கிக் கிடக்கும்.

இதைத் தவிர்க்கப் போடுவதுதான் பைபாஸ் இணைப்பு. ஜங்ஷனுக்குள் நுழையாமலே ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து சேர்கிற சிறு துண்டு. ஷொரனூரில் அப்படி ஒன்று இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம் போகிற வண்டிகளில் பல ஷொரனூர் நிலையத்தைத் தொடாமலே இந்தத் துண்டு வழியாகத் தெற்கே திரும்பிவிடுகின்றன. தொட்டுப் போகிறவை எஞ்சினை மாற்ற வேண்டியிருக்கிறது. நீளத்தில் அது ஒன்றுமே இல்லை, ஆனால் இரண்டு பெரிய தடங்களை உண்மையிலேயே இணைப்பது அந்தத் துண்டுதான்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 2013-ல் திறந்த பாதையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நாமக்கல்லுக்கு ரயில் வந்தது என்றுதான் அப்போது பேசினோம். அது சேலத்தையும் கரூரையும் ஈரோட்டுச் சுற்றும் ரிவர்சலும் இல்லாமல் இணைத்தது. அது பேசப்படவில்லை.

இதுவரை பார்த்ததில் மூன்று விஷயங்கள். பாதை வண்டிக்குப் பொருந்த வேண்டும். பொருந்தினாலும் அதில் காலி நேரம் இருக்க வேண்டும். காலி நேரம் இருந்தாலும் ஜங்ஷனில் சரியான திசையில் திரும்ப இணைப்பு இருக்க வேண்டும்.

ஓட்டுகிறவருக்கு வழி தெரிய வேண்டும்

லாரி ஓட்டுநர் தெரியாத ஊரிலும் கேட்டுக் கேட்டுப் போய்விடுவார். லோகோ பைலட்டால் அது முடியாது. 4000 டன் வண்டியை நிறுத்த ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட ஆகலாம். சிக்னல் கண்ணில் பட்ட பிறகு யோசித்தால் தாமதம். எந்த வளைவுக்குப் பின்னால் சிக்னல் இருக்கிறது, எங்கே இறக்கம் தொடங்குகிறது, எந்தப் பாலத்தில் வேகக் கட்டுப்பாடு என்பதெல்லாம் மனதில் பதிந்திருக்க வேண்டும். அதற்காகப் புதுத் தடத்தில் ஓட்டுவதற்கு முன் அனுபவமுள்ள லோகோ பைலட்டோடு கூடப் போய்ப் பழக வேண்டும். இதை எல்.ஆர். (லேர்னிங் ரோடு) போவது என்பார்கள். ஒரு தடத்துக்கு எல்.ஆர். முடித்தவர்கள் எத்தனை பேரோ, அந்த அளவுக்குத்தான் அந்தத் தடத்தில் வண்டி விட முடியும். பாதை காலியாக இருந்து ஆள் இல்லாமல் வண்டி நிற்பது நடக்கிற விஷயம்தான்.

ராஷ்டாட், 2017

இத்தனையும் ஒரே இடத்தில் ஒன்றாக வெடித்ததைப் பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டும். கார்ல்ஸ்ரூவிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குப் போகிற ரைன் பள்ளத்தாக்குப் பாதை, ஐரோப்பாவின் முதன்மையான சரக்குத் தடங்களில் ஒன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தையும் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தையும் இணைக்கிற நெடுந்தடத்தின் நடுத்துண்டு. நாளொன்றுக்குச் சுமார் 200 சரக்கு ரயில்கள். 2016-ல்தான் ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் திறக்கப்பட்டு, இந்தத் தடத்தின் மேல் நம்பிக்கை இன்னும் கூடியிருந்தது.

அந்தப் பாதையில் ராஷ்டாட் என்ற சிறு நகரத்துக்கு அடியில் 4 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளத்தில் புதுச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் சுரங்கம், ரயில் ஓடிக்கொண்டிருக்கிற பழைய பாதைக்குச் சில மீட்டர் மட்டும் கீழே கடந்தது. ஈரமான இளகிய மண் என்பதால் அதை உறைய வைத்துத் தோண்டினார்கள். 2017 ஆகஸ்ட் 12 அன்று மேலே மண் உள்வாங்கியது, தண்டவாளம் கீழே இறங்கியது. பாதையை உடனே மூடினார்கள். கடைசியில் தோண்டும் இயந்திரத்தை உள்ளேயே விட்டுச் சுரங்கத்தின் ஒரு பகுதியைக் கான்கிரீட்டால் நிரப்பி, மேலே கான்கிரீட் தளம் போட்டு, அக்டோபர் 2 அன்றுதான் பாதையைத் திறந்தார்கள். ஏழு வாரங்கள்.

பயணிகளுக்கு வழி இருந்தது. அடைபட்ட துண்டுக்கு இந்தப் பக்கம் இறங்கி, பேருந்தில் ஏறி, அந்தப் பக்கம் மறுபடி ரயில் பிடித்தார்கள். சிரமம்தான், ஆனால் போய்ச் சேர்ந்தார்கள். கன்டெய்னர் இறங்கி நடக்காது.

வரைபடத்தைப் பார்த்தால் சுற்றிலும் கோடுகள் இருந்தன. கிழக்கே ஸ்டுட்கார்ட்டிலிருந்து சிங்கன் வழியாகச் சுவிஸ் எல்லைக்குப் போகிற கொய்பான் பாதை. அது மின்மயமான பாதைதான். ஆனால் ஹோர்ப், டுட்லிங்கன் நகரங்களுக்கு நடுவே ஒற்றைப் பாதை. அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1946-ல், போர் இழப்பீடாக இரண்டாவது தண்டவாளத்தைப் பிரெஞ்சு ஆக்கிரமிப்பு நிர்வாகம் கழற்றிக்கொண்டு போனது. யாரும் திரும்பப் போடவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இல்லாத தண்டவாளத்தின் விலை தெரிந்தது.

மேற்கே ரைன் நதிக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். நதியை ஒட்டி லௌட்டர்பர்க் வழியாக ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஒரு பாதை போகிறது. அதில் மின்கம்பி இல்லை, டீசல் எஞ்சின் வேண்டும். மற்ற வழிகளில் மின்சாரம் இருந்தாலும், ஜெர்மனியில் 15,000 வோல்ட், அந்தப் பகுதியில் பிரான்ஸ் பயன்படுத்துவது 25,000 வோல்ட். இரண்டிலும் ஓடுகிற எஞ்சின் வேண்டும். சிக்னல் பாதுகாப்புக் கருவியும் நாட்டுக்கு நாடு வேறு. எல்லாவற்றுக்கும் மேல், ஓட்டுகிறவருக்குப் பிரெஞ்சு மொழி தெரிய வேண்டும், அந்தத் தடமும் பழகியிருக்க வேண்டும். சிக்னல் அறையில் இருக்கிறவர் பேசுவது ஓட்டுகிறவருக்குப் புரியாமல் ரயிலை விட முடியாது.

இன்னும் கிழக்கே தள்ளி, ஆஸ்திரியா வழியாக பிரென்னர் கணவாய். ஏற்கெனவே நெரிசலான பாதை, ஏற்றம் கிட்டத்தட்ட 40-க்கு 1.

முதல் சில வாரங்களில் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரயிலில் நகர்ந்தது என்று துறையினர் சொன்னார்கள். மிச்சம் லாரிக்கும் படகுக்கும் போனது, போகாதது கிடங்குகளில் தேங்கியது. பின்னர் சரக்கு ரயில் தொழில் அமைப்புகள் எடுத்த ஆய்வு, மொத்த இழப்பை 200 கோடி யூரோவுக்கு மேல் என்று மதிப்பிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 2018-ல் ஐரோப்பிய ரயில் பாதை நிர்வாகங்கள் சேர்ந்து, ஒரு நாட்டில் தடம் அடைபட்டால் பக்கத்து நாடுகள் எந்தெந்த வழியில் எதைத் திருப்புவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற நடைமுறைக் கையேட்டை உண்டாக்கின. 2024 ஆகஸ்டில் புதுச் சுரங்கத்தைப் பழைய பாதையோடு இணைக்கிற வேலைக்காக அதே ராஷ்டாட்டில் மூன்று வாரம் பாதையை மூடினார்கள். இந்த முறை டீசல் எஞ்சின்களை ஏற்பாடு செய்து, பிரான்ஸ் பக்கத்து லௌட்டர்பர்க் பாதையில் சரக்கு ரயில்களை ஓட்டினார்கள். 2017-லும் அதே பாதைதான் அங்கே இருந்தது. நடுவில் சேர்ந்தது தயாரிப்பு.

சென்னையிலிருந்து திருச்சிக்கு

இப்போது நம்ம ஊர் வரைபடத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து திருச்சிக்கு முதல் வழி விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாக 337 கி.மீ. இரண்டு ஊர்களுக்கு நடுவே பழைய பாதையின் வளைவை வெட்டி நேராகப் போடுகிற பாதையை கார்டு லைன் என்பார்கள். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே இது அப்படிப்பட்டது. இரட்டைப் பாதை, மின்சாரம், எல்லாம் உண்டு.

இரண்டாவது வழி பழைய மெயின் லைன். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றி வரும். அறுபது கி.மீ.க்கு மேல் கூடுதல். கார்டு லைனில் தடங்கல் என்றால் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இப்படித்தான் திருப்புவார்கள். ஆனால் விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஒற்றைப் பாதை. மேலே போட்ட 24 நிமிடக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். திருப்பிவிட்ட எக்ஸ்பிரஸ் வண்டிகளே அந்தக் காலி இடத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும். கூட்ஸ் வண்டி எங்கோ ஒரு லூப்பில் நிற்கும்.

மூன்றாவது, மேற்கே சுற்றி வருவது. அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் வழியாக ஈரோடு வரை நல்ல இரட்டைப் பாதை, சுமார் 394 கி.மீ. அங்கிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்கு இன்னும் 141 கி.மீ. தூரத்தைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் சரக்கு ரயிலுக்குத் தூரம் பெரிய எதிரி இல்லை. ஒரு இரவு கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இந்த வழியில் உண்மையான தடைகள் இரண்டு: ஈரோட்டில் ரிவர்சல் (சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் போனால் இது தப்பும், ஆனால் அதுவும் ஒற்றைப் பாதை), அதற்கப்புறம் திருச்சி வரை ஒற்றைப் பாதை.

கேரளத்துக்கு நான்கு வாசல்

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே ரயில் கடக்கிற இடங்கள் நான்கு. வாளையாறு வழியாகக் கோயம்புத்தூர்–பாலக்காடு, பொள்ளாச்சி–பாலக்காடு, செங்கோட்டை–புனலூர், நாகர்கோவில்–திருவனந்தபுரம். முதலாவதுதான் பெரிய வாசல். அங்கேயும் எட்டிமடைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவே இரண்டு தண்டவாளங்கள் தனித்தனியாகக் காட்டுக்குள் போகின்றன. யானைகள் கடக்கிற இடம் என்பதால் வேகக் கட்டுப்பாடு உண்டு, இருக்கவும் வேண்டும். பொள்ளாச்சிப் பாதை 2015-ல் அகலப்பாதையானது, ஆனால் ஒற்றைப் பாதை. செங்கோட்டை–புனலூர் 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. கூர்மையான வளைவுகள், கடும் ஏற்றம், ரயிலின் பின்னாலும் ஒரு எஞ்சின் தள்ள வேண்டும். கனமான சரக்குக்கு அதை வழியாக எண்ணுவது சரியில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நடுக்கேரளத்தில் பாதை நின்றபோது, திருவனந்தபுரத்து ரயில்களை நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று சுற்றி விட்டார்கள். அன்றைக்கு அந்த வழியில் பெரும்பகுதி ஒற்றைப் பாதைதான். ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முதல் வேலை என்று இருந்த நேரத்தில் அது பெரிய உதவி. சரக்கு முழுவதையும் அதில் அடக்கலாம் என்று நினைத்தால் கணக்கு வராது. நாகர்கோவிலிலிருந்து வடக்கே மதுரை வரை அதற்கப்புறம் இரட்டைப் பாதை வேலை நடந்ததை அதனால்தான் நான் இவ்வளவு ஆர்வமாகப் பார்த்தேன்.

மேற்குக் கடற்கரையோரம் ஓடுகிற கொங்கண் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 741 கி.மீ., 1998-ல் முழுவதும் திறந்தது, பெரும்பகுதி ஒற்றைப் பாதை. மழைக்காலத்தில் அங்கே மண் சரிந்தாலோ, 2024 ஜூலையில் கோவாவின் பெர்ணேம் சுரங்கத்தில் நடந்தது போலத் தண்ணீர் புகுந்தாலோ, கேரளத்து ரயில்களில் பல பாலக்காடு, ஈரோடு வழியாகச் சுற்றுகின்றன. அப்போது ஈரோடு ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி மணிக்கணக்கில் நின்றால், காரணம் கோவா எல்லையில் இருக்கலாம்.

அப்படியானால் எதைக் கேட்பது?

அடுத்த முறை வரைபடத்தில் ஒரு மாற்று வழியைப் பார்த்தால், நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். நிறைந்த வேகன் போக அனுமதி உண்டா? வழியில் மிக மெதுவான துண்டு எது, அங்கே நாளைக்கு எத்தனை ரயில் காலி? ஜங்ஷன்களில் ரிவர்சல் வேண்டுமா? அந்தத் தடத்துக்கு எல்.ஆர். முடித்த லோகோ பைலட்டுகள் இருக்கிறார்களா? பதில் கிடைத்தால், என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பல நேரம் அது புதுப் பாதை இல்லை. ஜங்ஷனுக்கு வெளியே ஒரு பைபாஸ் துண்டு, சில நிலையங்களில் நீளமான லூப், நடுவில் விட்டுப்போன இரண்டாவது தண்டவாளம். ரிப்பன் வெட்டுகிற அளவுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாததால் இவற்றை யாரும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் முதலில் ஈரோடு–கரூர்–திருச்சி இரண்டாவது தண்டவாளத்தைக் கேட்பேன். கார்டு லைன் நின்றால் தெற்கே போகிற சரக்குக்கு மேற்கு வழி உண்மையான வழி ஆவதற்கு அந்த 141 கி.மீ.தான் முதலில் குறுக்கே நிற்கிறது. அடுத்து, ஈரோட்டில் சேலம் பக்கத்திலிருந்து கரூர் பக்கம் நேராக வளைய ஒரு பைபாஸ்.